எதற்காகப் பிரித்தார்கள்? இன்ஜின் வேலை பார்த்த ஒரு 1993 புல்லட்டை வாங்கிய கதை

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் 1993 மாடல் புல்லட் 350 விலைக்கு வந்தது. வாங்க ஆசைப்பட்டது என் நண்பனின் தம்பி. விற்பவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: அப்பா ஓட்டிய வண்டி, வேறு கைக்குப் போகவில்லை, ஃபுல் இன்ஜின் வேலை பார்த்து 1,800 கி.மீ. தான் ஓடியிருக்கிறது, பில் கையில் இருக்கிறது, விலை 1,05,000. இதைக் கேட்டதுமே தம்பி மனதுக்குள் வண்டியை வாங்கி முடித்துவிட்டான். "இன்ஜின் வேலை முடிஞ்ச வண்டிண்ணே, நமக்கு அந்தச் செலவு மிச்சம்" என்றான்.

எனக்கு அந்த இடத்தில்தான் பயம். கை வைக்காத பழைய இன்ஜின் என்றால் அதன் தேய்மானத்தை ஓரளவு ஊகிக்கலாம், ஏனென்றால் எல்லா பாகமும் சேர்ந்தே கிழடாகியிருக்கும். வேலை பார்த்த இன்ஜின் அப்படி இல்லை. அதில் ஒரு பாதி புதிது, ஒரு பாதி பழையது, எது எது என்று வெளியே தெரியாது, புதிய பாதி போடுகிற நல்ல சத்தத்தில் பழைய பாதியின் சத்தம் அமுங்கியும் போகும். அதனால் நான் முதலில் கேட்பது "வேலை பார்த்தீர்களா" என்று அல்ல, "எதற்காகப் பிரித்தீர்கள்" என்று. இந்த வண்டியில் அந்தக் கேள்வி எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எழுதி வைக்கிறேன், பழைய புல்லட் தேடுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம். 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து 2010 வாக்கில், இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வந்த புது யூனிட் இன்ஜின் முழுதாக இடம் பிடிக்கும் வரை ஓடியது இந்தப் பழைய வடிவம்தான். மேல்மூடியான ஹெட் அலுமினியம், பிஸ்டன் ஓடும் சிலிண்டரான பேரல் வார்ப்பிரும்பு, அதனால்தான் எல்லாரும் காஸ்ட் அயர்ன் என்று கூப்பிடுகிறோம். போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. கியர்பாக்ஸ் தனி உருப்படி. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க், அது இருக்கும் கூடு கிராங்க்கேஸ். ஆயில் டேங்க் தனியாகத் தொங்காமல் அந்தக் கிராங்க்கேஸுக்குள்ளேயே ஒரு அறையாக இருக்கும். அங்கிருந்து ஒரு பம்ப் ஆயிலை எடுத்து ஃபில்டர் வழியாக கிராங்க்கின் நுனிக்குத் தள்ளும், அது கிராங்க்குக்குள் போட்ட துளை வழியாக பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் மூட்டுக்குப் போகும், அங்கிருந்து வழிந்து சிதறுகிற ஆயில்தான் சிலிண்டர் சுவரையும் நனைக்கும். பிக் எண்டுக்கு ஆயில் குறைந்தால் பிஸ்டனுக்கும் குறையும் என்ற இந்த ஒரு சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வண்டியின் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆயில் பிரஷர் காட்ட மீட்டர் எதுவும் இந்த வண்டியில் கிடையாது. இன்ஜினே சொன்னால்தான் உண்டு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. வண்டி வாசலில் துடைத்து நின்றது, கறுப்பு டேங்க், தங்கக் கோடு, பார்க்க அழகு. நான் முதலில் செய்தது பேரலைக் குளிர்விக்கும் ஃபின் தகடுகள் மேல் உள்ளங்கையை வைத்ததுதான். நல்ல சூடு. "இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் சார், உங்களுக்காக ரெடியா வெச்சிருக்கேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று இப்போதும் நம்புகிறேன், பேட்டரியோ பிளக்கோ மானத்தை வாங்கிவிடக் கூடாது என்ற கவலைதான். ஆனாலும் சூடான இன்ஜின் சொல்ல வேண்டியதில் பாதியை ஏற்கெனவே சொல்லி முடித்திருக்கும். பிஸ்டன் ஆட்டம் இருந்தால் குளிரில் கேட்கும், சூடானதும் பிஸ்டன் விரிந்து அடங்கிவிடும். ஸ்டார்ட் ஆக எத்தனை கிக், முதல் புகை என்ன நிறம், இதெல்லாம் போச்சு. "காலையில வந்து பார்க்கிறோம் ஐயா, அதுவரைக்கும் யாரும் கிக்கர்ல கால் வைக்காம இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு கும்பகோணத்தில் ரூம் எடுத்துத் தங்கினோம். அன்றைக்குச் செலவான எழுநூறு ரூபாயைப் பற்றி தம்பி வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தான்.

கிளம்புவதற்கு முன் பில்லை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ராத்திரி அதை உட்கார்ந்து படித்ததில் கிடைத்தது வண்டியைப் பார்த்ததில்கூடக் கிடைக்கவில்லை என்பேன். தேதி பதினான்கு மாதத்துக்கு முன்னால். 50 சைஸ் பிஸ்டன் செட், ரிங், போரிங் கூலி, எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று, கேஸ்கட் கிட், ஆயில், லேபர். அவ்வளவுதான். கனெக்டிங் ராட் கிட் இல்லை, கிராங்க் பேரிங் இல்லை, ஆயில் பம்ப் சாமான் இல்லை, ஆயில் ஃபில்டர்கூட இல்லை. இந்த வண்டியில் இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்காமலே ஹெட்டையும் பேரலையும் கழற்றலாம், ஒரு நாள் வேலை. கிராங்க்கைத் தொட வேண்டுமென்றால் இன்ஜினை இறக்கி, இரண்டு பக்கமும் கழற்றி, கிராங்க்கேஸைப் பிளக்க வேண்டும். அந்த வேலைக்கு உண்டான கூலியும் சாமானும் பில்லில் எங்குமே இல்லை. ஆக இது ஃபுல் இன்ஜின் இல்லை, ஹாஃப் இன்ஜின். விற்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் நமக்குச் சொல்கிறார்.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எல்லாரும் பார்ப்பார்கள், என்ன எழுதவில்லை என்று பார்க்கிறவர்கள் குறைவு. இன்னொன்றும் கவனித்தேன். பிஸ்டன் 50 சைஸ், அதாவது போரை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கியிருக்கிறார்கள். வழக்கமாக முதல் போரிங் 25-க்குப் போகும், அடுத்தது 50, அப்புறம் 75, கடைசியாக 100. இது இரண்டாவது போரிங்கா, அல்லது நேராக 50-க்குத் தாவினார்களா? இரண்டாவது என்றால் வயதான பேரல், இன்னும் இரண்டு போரிங்தான் மிச்சம், அதோடு உள்ளே புதுச் சுவராக ஸ்லீவ் போட வேண்டியதுதான். நேராகத் தாவினார்கள் என்றால் சும்மா தேய்மானம் இல்லை, சுவரில் ஆழமாக ஏதோ கீறியிருக்கிறது, 25-இல் அந்தக் கீறல் போகவில்லை. எதுவாக இருந்தாலும் விலை பேசுவதற்கு முன் தெரிந்தாக வேண்டும்.

காலை ஏழு மணிக்குப் போனோம். இந்த முறை ஃபின் சில்லென்று இருந்தது. வண்டியைத் தொடாமல் சுற்றிப் பார்ப்பதற்கே கால் மணி நேரம் எடுத்தேன். பேரலுக்கு அடியிலும் ஹெட் சேரும் இடத்திலும் சாம்பல் நிற கேஸ்கட் பேஸ்ட் பிதுங்கி நின்றது. வெளியே இவ்வளவு பிதுங்கினால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும், அது துண்டாகப் பிய்ந்து ஆயில் போகிற துளையில் போய் உட்காரும். பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விடும். அடுத்து கிராங்க்கேஸின் இரண்டு பாதியும் சேருகிற கோடு. அங்கே ஆயிலும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி இறுகிப் போயிருந்தது, நட்டுகளின் மேலும் அதே பூச்சு, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பத்து வருஷத்து அழுக்கு அது. பில் சொன்னதை வண்டியும் சொன்னது, அடிப்பாதியை யாரும் பிரிக்கவில்லை.

ஆனால் வலது பக்கத்தில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டைமிங் கவரின் ஸ்க்ரூக்கள் மட்டும் தலை சிதைந்து பளபளவென்று இருந்தன. பில்லில் அந்தப் பக்கத்து வேலை எதுவும் இல்லையே. கேட்டேன். "அது அப்புறம் ஒருவாட்டி பிரிச்சாங்க சார். இன்ஜின் வேலை முடிஞ்சு ரெண்டு மாசத்துல மேல ராக்கருக்கு ஆயில் வரலன்னு சொன்னாங்க, அதைச் சரி பண்ணிக் குடுத்துட்டாங்க, காசுகூட வாங்கல" என்றார். ராக்கர் என்பது மேலே வால்வைத் திறக்கும் கை. காசு வாங்காததால் பில்லும் இல்லை. போனில் கேட்டிருந்தால் இந்த விஷயம் வந்திருக்கவே வந்திருக்காது, ஸ்க்ரூ தலையைக் காட்டிக் கேட்டதால் வந்தது.

அப்புறம்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், ஐயா, முதலில் எதற்காகப் பிரித்தீர்கள்? புகை விட்டதா, சத்தம் வந்ததா, நின்றுபோனதா? அவர் யோசித்தார். அப்பாதான் ஓட்டிக்கொண்டிருந்தார், திருவாரூர் போய் வரும் வழியில் ஒரு நாள் நடுரோட்டில் நின்றுவிட்டது, கிக்கர் இறங்கவே இல்லை, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான் தெரியும் என்றார். கிக்கர் இறங்கவில்லை என்றால் ஜாம், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டது. "பழைய பிஸ்டனைத் திருப்பிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டதும் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். நல்ல மெக்கானிக் பழைய சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அந்த வகையில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தப் பிஸ்டனைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தேன். தலையில் கரியைத் துணியால் தேய்த்ததும் ஸ்டாண்டர்ட் சைஸ் என்பதற்கான முத்திரை தெரிந்தது. ஆக நேராக 50-க்குத்தான் தாவியிருக்கிறார்கள். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் மேலிருந்து கீழ் வரைக்கும் நீள நீளமாக உரசல், அலுமினியம் உருகி இழுபட்டு கண்ணாடி மாதிரி மினுமினுப்பு, கீழ் ரிங் காடியில் அப்படியே அமுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் நெம்பினாலும் அசையவில்லை. ஏதோ ஒரு தூசு உள்ளே போய்க் கீறின கீறல் என்றால் ஒரு பக்கத்தில் ஒரு கோடு இருக்கும். இது முழு முகமும் காய்ந்துபோய் உரசிய உரசல், ஆயில் இல்லாமல் ஓடின பிஸ்டன்.

இங்கே எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. பிஸ்டனுக்கு ஆயில் எங்கிருந்து வருகிறது? பிக் எண்டிலிருந்து சிதறித்தான். பிஸ்டன் காய்ந்தது என்றால் பிக் எண்டும் காய்ந்திருக்கும். ஜாம் ஆன நாளில் இரண்டுமே அடி வாங்கியிருக்க வேண்டும், ஆனால் மாற்றியது பிஸ்டனை மட்டும். ஏன் ஆயில் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்து இரண்டே மாதத்தில் மறுபடியும் ஆயில் புகார், மறுபடியும் டைமிங் கவர். விளைவைச் சரிசெய்து காரணத்தை உள்ளேயே விட்டுவிட்டார்கள் என்று நான் கிட்டத்தட்ட அப்போதே முடிவுக்கு வந்துவிட்டேன். மிச்சமெல்லாம் அந்த முடிவு சரியா தப்பா என்று பார்ப்பதற்கான சோதனைகள்தான்.

பிளக்கைக் கழற்றி, போனில் மாட்டும் சின்ன கேமராவை உள்ளே விட்டோம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான், பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பையில் கட்டாயம் இருக்க வேண்டும். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு சுவரைப் பார்த்தால், ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் இன்னும் தெளிவாக இருந்தன, அதுவரை சந்தோஷம். பின்பக்கச் சுவரில் மட்டும் விரல் அகலத்துக்குக் கோடுகள் அழிந்து வழவழவென்று இருந்தது, அதன் நடுவே மெல்லிசாக இரண்டு நெட்டுக்கீறல். புது பிஸ்டனும் ஒருமுறை பிடித்து விட்டிருக்கிறது.

கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து ஆறு கிக். 80 பிஎஸ்ஐ, குறைவு. ஆக்ஸிலேட்டரைத் திறக்காமல் பார்த்தால் காற்றே உள்ளே வராது, அளவு குறைவாகத்தான் காட்டும், பலர் இதில் ஏமாறுகிறார்கள். பிறகு பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடியும் பார்த்தேன், 84. ரிங் கசிந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவை நன்றாகத் தூக்கியிருக்கும். நாலு பிஎஸ்ஐ தான் ஏறியது என்றால் ரிங் பரவாயில்லை, கசிவு மேலே, வால்வு பக்கம். ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை பார்க்க வேண்டியிருக்கும், 6,000 ஒதுக்கி வை என்று தம்பியிடம் சொன்னேன். இதில் நான் தவறினேன், கீழே சொல்கிறேன்.

ஸ்டார்ட் செய்தோம். ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வின் லீவரை) பிடித்து ஒரு துளி தாண்டவிட்டு, ஒரே உதை. மூன்றாவது உதையில் பிடித்தது. பின்னால் குப்பென்று ஒரு புகை, தம்பி முகம் சுண்டிப் போனது. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. காஸ்ட் அயர்ன் புல்லட் ஓடாமல் நின்றால் டேங்க் அறையில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாக மெல்ல மெல்ல இறங்கி கிராங்க் இருக்கும் பக்கம் தேங்கிவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவாகத் தெரியும், யாராவது அதைப் பார்த்து மேலே ஊற்றிவிடுவார்கள், ஸ்டார்ட் செய்ததும் தேங்கினது எல்லாம் புகையாக வரும். அந்தப் புகையை வைத்து ரிங் போச்சு என்று முடிவு கட்டி நல்ல வண்டிகளை விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். நாலு நிமிஷம் காத்திருந்தோம், புகை நின்றது. சும்மா நின்றபடி முறுக்கிப் பார்த்தாலும் வரவில்லை.

ஐட்லிங்கில் சத்தம் உண்மையிலேயே அருமை. டக், டக், டக் என்று ஒரே சீராக. டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே கவரைத் திறந்து பார்த்திருந்தேன், புஷ் ராட் இரண்டும் விரலால் சுலபமாகச் சுற்றின, மேலும் கீழும் ஆட்டம் இல்லை, குளிர்ந்த இன்ஜினில் அப்படித்தான் இருக்க வேண்டும். ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றே தளர்த்தினேன், ஆயில் கசிந்து வந்தது. விற்பவர் "பாத்தீங்களா சார், ஆயில் வருது" என்றார். வருகிறதுதான். ஆனால் மேலே ராக்கருக்கு வருவதை வைத்துக் கீழே பிக் எண்டுக்கும் போகிறது என்று சொல்லிவிட முடியாது. டைமிங் கவருக்குள்ளே கிராங்க்கின் நுனி வந்து உட்காரும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கிறது, பழைய வண்டிகளில் தக்கையில் செய்தது, மெக்கானிக்குகள் கார்க் சீல் என்பார்கள். அது சுருங்கிவிட்டாலோ கோணலாக உட்கார்ந்தாலோ கிராங்க்குக்குள் போக வேண்டிய ஆயில் பக்கத்தில் வழிந்து சும்மா கீழே இறங்கிவிடும். மேலே ராக்கர் நனைந்துகொண்டே இருக்கும், கீழே பிக் எண்ட் காய்ந்துகொண்டே இருக்கும். டைமிங் கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த சீலைப் புதிதாகப் போட வேண்டும். இங்கே போட்டார்களா என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை.

ஓட்டிப் பார்த்ததில்தான் வண்டி வாயைத் திறந்தது. ஊருக்கு வெளியே ரயில்வே மேம்பாலம் ஒன்று இருக்கிறது. நன்றாகச் சூடாகட்டும் என்று பத்து கி.மீ. ஓட்டிவிட்டு, டாப் கியரில் 45-இல் அந்த ஏற்றத்தில் ஏறி, பாதியில் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரைத் திறந்தேன். கால் வைக்கும் ஃபுட் ரெஸ்ட் வழியாக ஒரு கனமான அடி, டொக் டொக் டொக். காதுக்கு வருவதற்கு முன் பாதத்துக்கு வந்தது. ஆக்ஸிலேட்டரை மூடினால் நிற்கிறது, திறந்தால் வருகிறது. டேப்பெட் சத்தம் மெலிசாக, மேலிருந்து, பாரம் ஏறினாலும் இறங்கினாலும் மாறாமல் இருக்கும். பிஸ்டன் ஆட்டம் குளிரில் அதிகமாக இருந்து சூட்டில் குறையும். இது சூட்டில் வந்தது, பாரத்தில் வந்தது, அடியிலிருந்து வந்தது. தம்பியை உட்காரவைத்து நான் பின்னால் உட்கார்ந்து இன்னொருமுறை ஏறச் சொன்னேன். இறங்கியதும் "என்னண்ணே அது, சுத்தியால அடிக்கிற மாதிரி" என்றான். அவனே உணர்ந்தது நல்லதாகப் போயிற்று, நான் சொல்லி அவன் நம்புவதைவிட.

கடைசியாக விற்பவரிடம் அனுமதி கேட்டு ஆயில் ஃபில்டரைக் கழற்றினேன், திரும்பப் போடும்போது புது ஃபில்டரும் ஆயிலும் என் செலவு என்று சொல்லியே கேட்டேன். ஃபில்டரின் மடிப்புகளை வெள்ளைத்துணி மேல் விரித்தால், ஆயிலோடு சேர்ந்து வெள்ளிப் பொடி. கண் மை பூசின மாதிரி சாம்பல் பளபளப்பும், அதற்குள் மிளகாய் விதையில் பாதி அளவுக்குத் தட்டைத் தட்டையான செதில்களும். காந்தத்தைக் காட்டினேன், ஒன்றும் ஒட்டவில்லை. நகத்தால் அழுத்தினால் செதில் நசுங்கியது. பித்தளை நிறம் இல்லை. இந்தக் காலத்து காஸ்ட் அயர்ன் இன்ஜினில் பிக் எண்டில் பேரிங்காக இருப்பது மிதக்கும் புஷ் என்ற வளையம், அதன் மேல் வெள்ளை உலோகப் பூச்சு இருக்கும். புது பிஸ்டன் ஒருமுறை பிடித்திருப்பதால் கொஞ்சம் அலுமினியமும் இதில் இருக்கலாம், இரண்டுமே மிருது, இரண்டுமே காந்தத்துக்கு ஒட்டாது, கண்ணால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் செதிலின் அளவும் மேம்பாலத்துச் சத்தமும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

பேப்பர் பக்கம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேரலுக்குக் கீழே கிராங்க்கேஸில் பஞ்ச் செய்த இன்ஜின் நம்பரையும் ஃபிரேம் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தோம், எழுத்துகள் ஒரே ஆழம், சுற்றிலும் அரைத்த தடம் இல்லை. இது முக்கியம், கிராங்க்கேஸ் உடைந்து வேறு கேஸ் போட்டு நம்பரைத் திரும்ப அடித்த வண்டிகளும் இன்ஜின் வேலை பார்த்தது என்ற பேரிலேயே சந்தைக்கு வருகின்றன. இன்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், ஏற்றாத வண்டியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். சொந்த வண்டிக்குப் பதிவு முதலில் 15 வருஷம், அதற்கப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு 2028 வரை இருந்தது. மீட்டர் கேபிள் அறுந்து கிடந்தது, அதனால் அந்த 1,800 கி.மீ. என்பது வெறும் வாய்க்கணக்கு, நான் அதை எதிலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

விலை பேசும்போது குறை சொல்லித் தட்டவில்லை. பில்லையும் பழைய பிஸ்டனையும் ஃபில்டர் துணியையும் திண்ணையில் வரிசையாக வைத்து, என்ன நடந்திருக்கும் என்று அவருக்கே விளக்கினேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார், வேலைக்குக் கொடுத்த காசு வீணாகப் போனதே என்று. கிராங்க் வேலைக்கு என்ன ஆகும் என்று எழுதிக் காட்டினோம். 84,000-க்கு முடிந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு வரவில்லை, மினி லாரியில் ஏற்றினோம். தம்பி ஓட்டிக்கொண்டு போகத்தான் ஆசைப்பட்டான், ஆனால் அந்த பிக் எண்டோடு நூறு கி.மீ. ஓட்டினால் ராட் உடைந்து கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம், அப்புறம் நம்பர் உள்ள கேஸே போய்விடும்.

அடுத்த வாரம் பிரித்தோம். டைமிங் கவரை எடுத்ததும் முதலில் பார்த்தது அந்தக் கார்க் சீலைத்தான். பழைய சீலையே திரும்பப் போட்டு, பற்றாக்குறைக்குச் சுற்றிலும் பேஸ்ட் வைத்திருந்தார்கள். மரக்கட்டை மாதிரி இறுகி, ஒரு ஓரம் கால்வட்டத்துக்கு உதிர்ந்து போயிருந்தது. உதிர்ந்த துண்டில் ஒன்று கிராங்க் நுனித் துளையின் வாயிலேயே மாட்டியிருந்தது. கேஸைப் பிளந்து கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கையிலேயே கடகடவென்று தெரிந்தது, அந்த இடத்தில் ஆட்டமே தெரியக் கூடாது. புஷ்ஷின் வெள்ளைப் பூச்சு ஒரு பக்கம் மொத்தமும் உரிந்து, அடியில் இருக்கும் இரும்பு நீலம் பாரித்திருந்தது. புது பிஸ்டனிலும் பின்பக்கம் உரசல், கேமராவில் பார்த்த அதே இடம்.

தப்பாகச் சொன்னது வால்வு. ஹெட்டைக் கவிழ்த்து போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி வைத்துப் பார்த்தால் இரண்டு வால்விலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. கசிந்தது டீகம்ப்ரஸர். கேபிளில் துளிகூடத் தளர்வு இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தார்கள், அந்தச் சின்ன வால்வு எப்போதும் முடி அளவு திறந்தே இருந்திருக்கிறது, அதனால் அதன் சீட்டும் கருகியிருந்தது. சீட்டைத் தேய்த்துப் பொருத்தி (லேப்பிங்) கேபிளைத் தளர்த்தியதோடு முடிந்தது, செலவு என்று சொல்ல எதுவும் இல்லை. கம்ப்ரஷன் பார்ப்பதற்கு முன் டீகம்ப்ரஸர் கேபிளைக் கழற்றிவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அன்று அந்த 80-ஐ நம்பி வேறு யாராவது வண்டியை வேண்டாம் என்று சொல்லியிருந்தால், தவறான காரணத்துக்காகச் சொல்லியிருப்பார்கள்.

செலவுக் கணக்கு: கனெக்டிங் ராட் கிட், கிராங்க் பேரிங்குகள், லேத்தில் கிராங்க் பிரித்துச் சேர்த்து சென்டர் பார்த்தது, 75 சைஸ் பிஸ்டனும் போரிங்கும், சீல், கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 18,400. கிராங்க்கைச் சேர்த்ததும் இரண்டு பக்கமும் டயல் கேஜ் வைத்து நானே கூட நின்று பார்த்தேன், ஆட்டம் 0.03 மி.மீ. லேத்காரர் அந்த அளவைப் பில்லிலேயே எழுதித் தந்தார், நாளைக்குத் தம்பி இதை விற்றால் வாங்குகிறவருக்கு அது பேசும். கேஸுக்குள் இருக்கும் ஆயில் துளைகள் ஒவ்வொன்றையும் கம்பிவிட்டு, பெட்ரோல் அடித்து, காற்றடித்துச் சுத்தம் செய்ததற்கு மட்டும் அரை நாள் ஆனது. ரிட்டன் பக்கத்துத் துளை ஒன்றில் பேஸ்ட் துண்டு இருந்தது.

முதல் 500 கி.மீ. 50-ஐத் தாண்டாமல் ஓட்டச் சொன்னேன், தம்பியும் பொறுமையாக ஓட்டினான். அதன் பிறகு ஃபில்டரைக் கழற்றி அதே மாதிரி வெள்ளைத்துணியில் விரித்தோம். ரிங் உட்காரும்போது வருகிற மெல்லிய கறுப்புப் பொடி, காந்தத்தில் ஒட்டியது. செதில் ஒன்றுகூட இல்லை. கம்ப்ரஷன் 105. அதே மேம்பாலத்துக்குப் போகவில்லை, எங்கள் ஊர் ஏற்றத்திலேயே டாப் கியரில் திறந்து பார்த்தான், பாதத்தில் எதுவும் வரவில்லையாம். மூன்றாவது கியர் சில நேரம் நழுவுகிறது, அதை மழைக்காலம் முடிந்ததும் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.